பைக்குள் ஏப்ரன்

மாட்ரிட்டில் கொரோனா கூலிக்காரர்கள் வாழும் எங்கள் வாயேகாஸில்தான் அதிகம் என்று போன வாரம் எங்கள் பகுதியை அடைத்தார்கள். பூங்காவுக்குப் பூட்டு. தெருவின் எதிர்ப்பக்கம் வேறு பகுதி. அங்கே பார் வாசலில் உட்கார்ந்து பியர் குடிக்கலாம். முதலாளியின் கடிதம் இருந்தால் வேலைக்கு, உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம், இவற்றுக்கு மட்டும் வெளியே போகலாம்.

என் அம்மா செலோவிடம் கடிதம் இல்லை. சலமங்கா பகுதிப் பணக்கார வீடொன்றில் பல வருடமாக வேலை செய்கிறாள். எங்கும் பதியாத வேலை.

காலையில் அந்த வீட்டு எஜமானி பிலுகா போனில் கூப்பிட்டாள். அம்மா காபி போட்டுக்கொண்டே ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"செலோ, கடற்கரையிலேர்ந்து வந்துட்டோம். அஞ்சு பெட்டி அழுக்குத் துணி. இன்னைக்கே வா. லிஃப்ட்ல ஏறாத, வேலைக்காரங்க படியில வா. உங்க ஏரியா நெலம அப்படி, தப்பா நெனச்சுக்காத."

"சரிங்கம்மா. அந்தக் கடிதம் மட்டும்..."

"கையெழுத்துப் போட்டா, உன்ன ஏன் வேலைக்குப் பதியலன்னு கேப்பாங்க. டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லிடேன். என் பையன் நாச்சோதான் பாவம், எந்த வாசனையும் தெரியலையாம். காபிகூட வெந்நீர் மாதிரி இருக்காம். ஏதோ அலர்ஜி."

நான் உயிரியல் படித்தவள். போனில் பேசவே கூச்சப்படுவேன். பறித்துக்கொண்டேன்.

"அது அலர்ஜி இல்லங்க, கொரோனா. டெஸ்ட் எடுங்க. எங்கம்மாவுக்கு ஆஸ்துமா. அவங்க வரமாட்டாங்க."

அவள் சிரித்தாள். "நோய் எங்கேர்ந்து வருதுன்னு டிவியில தெனம் மேப் போடறாங்களே, நீ பாக்கறதில்லையா? உங்கம்மா வரலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

வரைபடத்தில் சிவப்பு எங்களுக்குத்தான். கடற்கரைக்குப் போய் வந்தவர்களுக்கு நிறமே இல்லை. காலைப் பேருந்து எங்கிருந்து யாரை எங்கே கொண்டுபோகிறது என்று யாரும் அதில் அம்புக்குறி போடுவதில்லை.

"படிச்ச திமிரு!" என்றாள் அம்மா. "வாடகைய உன் பட்டமா கட்டும்?"

"செத்துட்டா வாடகையே வேண்டாம்."

"வாய மூடுடி."

இன்ஹேலரைப் பைக்குள் போட்டாள். வேலை ஏப்ரனை மடித்து அதன் மேலே வைத்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். போலீஸ் என் அம்மாவைத் தடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான். அம்மா பையைத் திறந்து காட்டினாள். அவர் ஏப்ரனைப் பார்த்தார்.

"வேலைக்கா? ஏறுங்க, ஏறுங்க."

"கடிதம் கேளுங்க!" என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பியது. "அவங்ககிட்ட கடிதம் இல்ல. போற வீட்ல கொரோனா. நிறுத்துங்க!"

"பெத்தவளையே மாட்டிவிடறா பாரு," என்றாள் ஒருத்தி.

போலீஸ்காரர் அலுத்துக்கொண்டார். "இந்த பஸ்ல கடிதம் கேட்டா பாதிப் பேர் எறங்கணும். அங்க இருக்கற பணக்கார வீடுங்க நாறிப்போகும், எனக்குத் திட்டு விழும். நீங்க வீட்டுக்குப் போங்க."

அம்மா என்னைப் பார்க்காமல் ஏறினாள். கதவு மூடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முகக்கவசத்தை இறக்கி, இன்ஹேலரை வாயில் வைத்தாள். பேருந்து போய்விட்டது.

நான் நகரவில்லை.

"காரணமில்லாம தெருவுல நிக்கக் கூடாது," என்று அவர் அபராதப் புத்தகத்தைத் திறந்தார். "பேரு?"