கை தட்ட மறந்தவர்

மேடையில் நான் என் கணவரை அறைவேன். பதினெட்டு வருஷமாக, வாரத்துக்கு மூன்று ஆட்டம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் இடம் மாறிக்கொள்கிற நாடகம் அது. அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார். நான் கால்மேல் கால் போட்டு அதிகாரம் பண்ணுவேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் அவர் கன்னத்தில் ஒன்று விடுவேன். கொட்டகையே உருண்டு புரண்டு சிரிக்கும்.

வீட்டில் கதையே வேறு. அவர் கிழித்த கோட்டை நான் தாண்டியது கிடையாது. ஒரு ஜோடி செருப்பு வாங்கக்கூட அவரைக் கேட்க வேண்டும்.

"மேடையில நீ ராணியா இரு. வீட்டுக்கு வந்தா நான் சொல்றதுதான்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் சண்டை போடவும் முடியாது.

மேடையில் அறைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. என் கை கன்னத்தைத் தொடவே தொடாது. அடி வாங்குகிறவர்தான், ஜனங்கள் பார்க்காதபடி, இடுப்புக்குக் கீழே கையைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும்.

போன வருஷம் அவருக்கு மறதி வந்தது. வீட்டில் குளியலறை எங்கே என்று என்னைக் கேட்பார். ஆனால் மேடை ஏறிவிட்டால் ஒரு வசனம் பிசகாது. பழைய மிடுக்கு அப்படியே வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கையை வீசினேன். அவர் தட்டவில்லை. சத்தம் வராமல் யார் சிரிப்பார்கள்? திரை விழுந்ததும் மேனேஜர் வந்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு என்னாச்சு? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஏதோ கவனம் தப்பிடுச்சுப்பா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் நிஜமாகவே அறைந்தேன். கொட்டகை அதிர்ந்தது. அதற்கப்புறம் ஒவ்வோர் ஆட்டத்திலும் அறைந்தேன். பவுடருக்கு அடியில் அவர் கன்னம் கன்றிப்போயிருக்கும். பாவி நான், சிரிப்புச் சத்தம் கேட்டதும் நிம்மதியாக மூச்சு விடுவேன். எப்படியும் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஆட்டம் முடிந்து அவரை ஒப்பனை அறை நாற்காலியில் உட்கார வைத்தேன். பூச்சைத் துடைக்க எண்ணெய்ப் பஞ்சோடு கையைத் தூக்கினேன். சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினார்.

"அடிக்காதீங்க. பாத்திரமெல்லாம் தேச்சுட்டேன்."

என் பெயரை மறந்தார், கல்யாணம் ஆனதை மறந்தார். என் கையை மட்டும் மறக்கவில்லை.

பஞ்சைக் கீழே போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன்.

"வேற ஆளப் போட்டுக்கப்பா. அண்ணன் இனிமே வரமாட்டாரு."

"என்ன அண்ணி, திடீர்னு? இன்னிக்குக்கூட அந்த அறைக்கு எவ்ளோ கைதட்டல்!"

நான் திரும்பி வந்தபோதும் அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்திருக்கவில்லை. பூச்சைக் கலைக்காமலேயே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.