ஐம்பது சதவீதம்

அப்பா முப்பது வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் குறித்தவர். இப்போது நுரையீரல் பழுதாகி, மூக்கில் குழாயும் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷினுமாக இரண்டு வருடமாக ஒரே அறையில் இருக்கிறார். மெஷினின் ஒயர் எட்டும் தூரம்தான் அவருடைய நாடு. கழிவறை அதன் எல்லை.

கடலைப் பார்க்க வேண்டும் என்றார் போன மாதம். நான் எலெக்ட்ரிகல் மூன்றாம் வருடம் என்பதால் வீட்டில் யாரும் என்னை யோசனை கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். வாடகைக்கு ஒரு கேரவன் எடுப்போம். படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி, அதை வீட்டுக் கரண்டாக மாற்ற இன்வெர்ட்டர், எல்லாம் இருக்கும். நான்கு மணி நேரப் பயணம். மெஷின் இவ்வளவு இழுக்கும், பேட்டரி இவ்வளவு கொடுக்கும் என்று தாளில் கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நடுவழியில தீந்துட்டா?"

"தீராதும்மா. பாதிக்குக் கீழ இறக்குனா இந்தப் பேட்டரிக்கு நல்லதில்ல, அவசரத்துக்கு மட்டும்தான். அம்பது பர்சன்ட்டுக்குக் கீழ போனா அங்கயே திரும்பிடுவோம். மிச்சத்துல வீடு வந்துரலாம்."

"அம்பதுன்னா அம்பது. பேச்சு மாறக் கூடாது."

இந்தச் சட்டம் அப்பா முன்னிலையில் நிறைவேறியது. அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

வாடகை வண்டியின் பேட்டரிக்கும் வயதாகும் என்பது என் தாளில் இல்லை. கிளம்பும் முன் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துணியால் துடைத்துவிட்டு, பராமரிப்பு முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டேன்.

அக்கா ஓட்டினாள். நான் பக்கத்தில், சதவீதம் காட்டும் சின்ன மீட்டரின் முன்னால். திரைக்குப் பின்னால் அப்பா படுத்திருந்தார், அம்மா அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் மணி நேரத்தில் எண்பது. ஒன்றரையில் அறுபது.

"என்னடா எஞ்சினியரு, மூஞ்சி தொங்குது?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் வேகமா இறங்குது."

"ஓடுற வண்டி சார்ஜ் பண்ணாதா?"

"பண்ணணும். எஞ்சின்லருந்து பேட்டரிக்குக் கரண்ட் விடுற ரிலே போயிருச்சு போல."

"போலன்னா? உனக்கு எவன் மார்க் போட்டான்?"

ஃபிரிட்ஜை அணைத்தேன். விளக்குகளை, விசிறியை அணைத்தேன். மெஷின் மட்டும்தான் பாக்கி. மீட்டர் ஐம்பத்திரண்டு என்றது. நானும் சத்தமாக, பின்னால் கேட்கும்படி, ஐம்பத்திரண்டு என்றேன்.

"அடுத்த வளைவுல திருப்பிடறேன்" என்றாள் அக்கா.

"இன்னும் ரெண்டு இருக்கே. அம்பதுதான் சட்டம்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே நேராக ஓட்டினாள். அடுத்த முறை பார்த்தபோது ஐம்பத்தாறு. அப்புறம் அறுபத்தொன்று.

"ஏறுதுக்கா. அறுபத்தொண்ணு."

"எப்படிடா?"

"எல்லாத்தையும் அணைச்சேன்ல. லோடு கொறஞ்சா அப்படித்தான்."

அக்கா முதல்முறையாக என்னைத் தம்பி என்றாள். ஏழெட்டு கிலோமீட்டர் நான் பெரிய ஆளாக இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. விளக்கும் விசிறியும் கொசுக்கடி அளவுதான் இழுக்கும். ஃபிரிட்ஜை அணைத்தும் ரொம்ப நேரமாகிறது. சும்மா இருக்கும் பேட்டரி தானாக நிரம்பாது. பெரிய சுமை எதையாவது அணைத்தால்தான் மின்னழுத்தம் எழும்பி, மீட்டரும் ஏறும். அப்படிப் பெரிய சுமை இந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

திரையை விலக்கினேன். அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூக்கில் குழாய் ஒழுங்காக இருந்தது. மெஷின் அணைந்திருந்தது. அவர் வாயைத் திறந்து, தோளால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதட்டில் நீலம்.

ஸ்விட்சைப் போட்டேன். அவர் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினேன். தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. எழுபத்தொன்பது.

"அக்கா, நிறுத்து."

அம்மா விழித்தாள். அவர் முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

"ஏன்ப்பா?"

அவர் நான்கு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். "அம்பதுக்கு... கீழ... போகலையே."

"மெஷின அணைச்சா மீட்டர் ஏறத்தான் செய்யும்."

"முப்பது வருஷம்... எத்தன வீட்ல... மீட்டர ஏமாத்துறத... பாத்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரி நாற்பத்தாறுக்கு விழுந்தது. பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அக்கா வண்டியை அதன் வாசலில் ஏற்றி நிறுத்தினாள். நான் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடி விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கம்ப்ரஸர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார்.

"காத்து நானும்தான் அடிக்கறேன்" என்றார். "மொதல்ல அவருக்கு ஏத்துங்க."

அவர் விரலில் எண்பத்து நான்கு. எண்பத்தெட்டு. தொண்ணூறு வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அம்மா யாரையும் பார்க்கவில்லை.

"அறுபத்தொண்ணுன்னு கத்தினான்ல" என்றார் அப்பா அவளிடம். "அவ்ளோ சந்தோஷமா கத்தினான்."

"பேசாதீங்க" என்றாள் அம்மா. பிறகு அக்காவிடம், "சாயங்காலம் வரைக்கும் இங்கயே சார்ஜ் ஆகட்டும். அப்புறம் வீட்டுக்குத் திருப்பு."

"பாதிக்கு மேல வந்துட்டோம்" என்றார் அப்பா.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் முன்சீட்டுக்குப் போகவில்லை. மெஷின் பக்கத்தில் தரையில், ஸ்விட்சை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தள்ளுடா, கால் நீட்டணும்" என்றார் அப்பா.

அவர் கால் அந்தப் பக்கம் இல்லை. நான் தள்ளவில்லை.