உள்ளூர்க் கட்டணம்

மாற்றல் உத்தரவு வந்தாலே எனக்குக் கை பரபரக்கும். பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு ஒன்பது வீடு மாறியவள் நான். கரண்டியிலிருந்து கட்டில்வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டி, தபால்காரர், வங்கி, சொந்தபந்தம் என்று ஒருவர் விடாமல் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் 'பேக்கிங் கம்பெனி'.

இந்த முறையும் காலையிலேயே லாரியை ஏற்றி அனுப்பிவிட்டு, மகளைக் கல்லூரியில் சேர்க்க மூவரும் போனோம். அப்பா இந்த ஊரில் பணியில் இருக்கும்போதே சேர்ந்துவிட்டால், பட்டாளத்துக்காரர் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம். பிறகு அவரை எங்கே தூக்கியடித்தாலும் படிப்பு முடியும்வரை அது மாறாது. வெளியூர்க் கட்டணம் மூன்று மடங்கு. அதை எங்களால் கட்ட முடியாது, அவள் படிப்பு அவ்வளவுதான். அன்றுதான் அவருக்கு இங்கே கடைசி நாள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்தபடியே கேட்டார். "விலாசம் சொல்லுங்க."

மளமளவென்று ஒப்பித்தேன். அவர் விரல்கள் நின்றன.

"இது வேற ஊராச்சே. நீங்க அங்கயா இருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத புது வீட்டின் விலாசம்.

"இல்லைங்க, நாளைக்குத்தான் போறோம். பழக்க தோஷத்துல வந்துடுச்சு."

"போயாச்சா, போகப் போறீங்களான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சார் இன்னும் இங்கதான் வேலையில இருக்கார்னு அவங்க ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. கவுண்டர் மூடிட்டா அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பேக்கிங் கம்பெனி, அந்த வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்டருக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவர் ஃபோனை எடுக்கவில்லை. பெற்ற பெண்ணின் படிப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

"உக்காரும்மா. அப்பா வந்துடுவாரு," என்றாள் மகள். அவள் குரலே சரியாக இல்லை.

மற்ற கவுண்டர்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்த நேரத்தில், சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அம்மாள் கடிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு முத்திரை குத்தினார்.

"உள்ளூர்க் கட்டணந்தான். இனி நீங்க எங்க போனாலும் இது மாறாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, விடுங்கம்மா. பொண்ணு சாமானை ஹாஸ்டல்ல இறக்கியாச்சா? படுக்கை, போர்வையெல்லாம் நீங்கதான் கொண்டு வரணும்."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுடைய படுக்கை, போர்வை, மேசை விளக்கு எல்லாவற்றையும் தனிப் பெட்டியில் போட்டு, மேலே அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, நானே லாரியில் ஏற்றியிருந்தேன். இடம் கிடைக்க வேண்டுமே என்று இத்தனை நாள் தவித்தவளுக்கு, கிடைத்தால் அவள் எங்களோடு வரமாட்டாள் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"எல்லாமே போயிடுச்சாம்மா?"

"எல்லாம் போயிடுச்சுடி. நீ மட்டுந்தான் வரல."