பத்துக்கு எட்டு

மதியம் இரண்டேகாலுக்குப் பள்ளி காலியானதும் காமினி தன் மாணவர்களாக மாறத் தொடங்குவாள்.

இருபத்து மூன்று பேர். மதிப்பெண் வரிசையில் பிரித்த ஐந்தாம் படிவத்தின் கடைசி வகுப்பு. அவள்தான் அதற்கு வகுப்பாசிரியை, கணக்குப் பாடமும் அவள்தான். அத்தனை பேருடைய கடவுச்சொல்லும் ஒரு நீல நோட்டில் இருந்தது. பிள்ளைகள் தினமும் வீட்டில் கணக்குப் போட வேண்டிய புதுச் செயலிக்குள் ஒருவர் பெயரில் நுழைவாள், பத்துக் கேள்விக்கு விடை தட்டுவாள், வெளியே வருவாள். பெயருக்கு எதிரே சிவப்பாய்க் கிடந்த கட்டம் பச்சையாகும். அடுத்த பெயர்.

ஆசிரியர் அறையில் இதற்குப் 'பச்சை போடுறது' என்று பெயரே உண்டு. யாரும் கூச்சப்படுவதில்லை.

காமினி கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள் இல்லை. எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டால் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. இன்னொன்று, எந்த வேலையையும் அவளுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஹரீஷ் பின்னத்தைக் கண்டாலே தலைகீழாக்குவான், அவனுக்கு அதையே தப்பாகத் தட்டினாள். தனேஷுக்கு ஐந்துக்கு மேல் போட்டால் அவனே நம்பமாட்டான். மோகனாவுக்கு எட்டு. கழித்தல் குறியை மட்டும் அவசரத்தில் விழுங்கிவிடுகிற பெண், மற்றபடி மூளைக்காரி.

முதல் மூன்று வாரம் காமினி ஒழுங்காகத்தான் இருந்தாள். திங்கட்கிழமை சபைகூடலில் எல்லா வகுப்புகளின் கட்டங்களையும் பெரிய திரையில் காட்டுவார்கள். அவள் வகுப்பு அம்மை போட்ட முகம் மாதிரிச் சிவந்து கிடந்தது. ஒரு போனை நாலு பேர் பிடித்திழுக்கிற வீட்டுப் பிள்ளைகள், வேறு எந்த நிறத்தில் இருப்பார்கள்? எண்ணூறு பேர் சிரித்தார்கள். அக்மல் சாருடைய முதல் வகுப்பும் சிவப்புதான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் டியூஷனுக்குப் போகிறவர்கள், நேரமில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் துணை முதல்வர் நோர்மா அவளைக் கூப்பிட்டார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் 'புவான்', அதாவது மேடம். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். மற்றவர்களிடம் மலாய் பேசுவார், காமினியிடம் மட்டும் தமிழ்.

"எல்லாரும்தான் போடுறாங்க. நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சியா?"

"பிள்ளைங்க படிக்கணும்னுதானே புவான் இந்தச் செயலி?"

"படிக்கட்டும்லா, யாரு வேணாங்கிறா? நீ மொதல்ல பச்சையாக்கு."

காமினி பச்சையாக்கினாள். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புப் பெயரை வாசித்தபோது பிள்ளைகள் கைதட்டிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வினை.

எல்லாம் செயலியில் இருக்கிறதென்று பயிற்சித் தாள் அச்சடிப்பதைப் பள்ளி நிறுத்தியது. வகுப்பில் அவள் கரும்பலகையில் எழுதுவதை எழுதிக்கொண்டால் உண்டு. அதற்கு மேல் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டுமென்றாலும் கையில் கருவி வேண்டும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மோகனா நின்றாள்.

"டீச்சர், முப்பது டேப்லட் வந்திருக்காமே? மெய்யாவா?"

"வந்திருக்கு. இல்லாதவங்களுக்குத்தான் குடுக்கப் போறாங்க."

"எனக்குக் கெடைக்குமா?"

"உனக்கு இல்லாம வேற யாருக்குடி?"

"இல்ல டீச்சர், அம்மா முடிவாச் சொல்லிட்டாங்க. டேப்லட் கெடச்சா எஸ்.பி.எம். பரீட்ச வரைக்கும் படி. கெடைக்கலன்னா அக்கரையில பிறைப் பக்கம் அவங்க கம்பெனியிலயே ஆள் எடுக்குறாங்களாம். சும்மா போயி பெஞ்சு தேய்க்காதேங்கிறாங்க."

"சும்மா மிரட்டுவாங்க."

"எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியாது." மோகனா சிரித்தாள். சுங்கை பினாங் பிளாட்டில் பதினோராவது மாடி, இரண்டு தம்பிகள், ஒரே ஒரு போன். அதையும் அம்மா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள்.

"எழுதி வச்சுக்க," என்றாள் காமினி. "மொதப் பேரு உன் பேருதான்."

பட்டியல் வியாழக்கிழமை ஒட்டப்பட்டது. காமினி மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே. அவள் வகுப்பிலிருந்து ஒருவர்கூட இல்லை. அக்மல் சாரின் வகுப்புக்குப் பதினெட்டு.

நோர்மாவின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"புவான், அந்தப் பதினெட்டுல பாதிப் பேருக்கு வீட்டுல ஆளுக்கு ஒண்ணு இருக்கு!"

"நாங்க எடுத்த பட்டியல் இல்ல காமினி. செயலியே எடுத்தது. மூணு மாசமா உள்ள வராத பிள்ளைக்குக் கருவி இல்லன்னு அர்த்தம், அவங்களுக்குக் குடுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அக்மல் சோம்பேறி, பச்சையே போடல. அவன் பிள்ளைங்களுக்கு அதிர்ஷ்டம்." நோர்மா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "உன் மோகனாவப் பாரு. தெனமும் வந்திருக்கா. பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டு. இவளுக்கு எதுக்கு டேப்லட்?"

"அது நான்தான் புவான்."

நோர்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதேலா. நீதான்னு எனக்குத் தெரியாதா? நான்தானே போடச் சொன்னேன்."

"அப்ப மாத்துங்க."

"எப்படி? வந்தது பிள்ளை இல்ல, டீச்சருன்னு எழுதணும். எழுதுனா உன்னோட நிக்குமா? நாப்பது டீச்சர் மாட்டுவாங்க. நீ கான்ட்ராக்ட் வேற. எழுதுனா பட்டியல் மாறாது. நீதான் மாறுவே."

காமினி எழுதினாள். ஒரு பக்கம், மலாயில், நடந்தது நடந்தபடி. உறையில் போட்டு முதல்வர் பெயரெழுதி நோர்மாவின் கையில் கொடுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து நோர்மா அதை அவள் மேசைமீது வைத்தார். உறை பிரிந்திருந்தது. முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"முதல்வரு, தான் இதப் பாக்கலேன்னு சொல்லச் சொன்னாரு. நீயும் குடுக்கலேன்னு வச்சுக்க."

அந்தக் கடிதத்தைக் காமினி திரும்ப நீட்டியிருக்கலாம். நேரே மேலிடத்துக்கு அனுப்பியிருக்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். அவள் அம்மா அதே பிறையில் ஒரு கம்பெனியில் இருபத்தோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். அம்மாவின் வீங்கிய கால்கள் கண்முன் வந்தன என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பயம். காமினி கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள், ஜிப்பை இழுத்து மூடினாள்.

மோகனா அதற்குப் பிறகு நாலு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காமினி அவள் கட்டத்தைச் சிவப்பாகவே விட்டாள். பார்க்கட்டும், யாராவது ஏன் என்று கேட்கட்டும். கேட்டது நோர்மாதான்.

"அதையும் போட்டுரு. வகுப்புக்கும் வராம ரெண்டு வாரம் செவப்பாவும் இருந்தா படிப்ப விட்ட பிள்ளைன்னு கணக்காயிரும். அப்பறம் அவ திரும்பி வரணும்னாலும் வம்பு."

திரும்பி வருவாள் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காமினி போட்டாள். பத்துக்கு எட்டு.

காமினியின் வீடு அக்கரையில், பிறையை ஒட்டிய பட்டர்வொர்த்தில். தினமும் காலையில் பெர்ரி ஏறித்தான் தீவிலிருக்கும் பள்ளிக்குப் போவாள். ஒரு புதன்கிழமை, தீவிலிருந்து வந்த பெர்ரியிலிருந்து ஆட்கள் இறங்கும்வரை ஓரமாகக் காத்து நின்றபோது கூட்டத்தில் ஒரு நீலச் சட்டை அவளைப் பார்த்து நின்றது. கழுத்தில் கம்பெனி அட்டை. அட்டையில் மோகனாவின் முகம், பள்ளிக்கு எடுத்த அதே படம்.

"டீச்சர்!"

"எப்படிடி இருக்கே?"

"நல்லாருக்கேன் டீச்சர். கால்தான் வலிக்குது. பழகிரும்னு அம்மா சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா போனுக்கு வாராவாரம் மெசேஜ் வருது. உங்கள் பிள்ளை இந்த வாரம் சிறப்பாகச் செயல்பட்டார்னு. வேலைக்குப் போயிகிட்டே எப்படிடி படிக்கிறேன்னு அம்மா கேக்குறாங்க. நீங்கதானே?"

காமினி கைப்பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

"அம்மா போன்ல உள்ள போயி விடையெல்லாம் பாத்தேன், கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். கழித்தல் குறியக்கூட சரியா விட்டிருக்கீங்க, என்ன மாதிரியே." மோகனா சிரித்தாள். அதில் குத்தல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இனிமே யாரு பாக்கப் போறா? பத்துக்குப் பத்தே போட்டுருங்க."

"மோகனா, நீ திரும்பி வா. நான் கரும்பலகையிலயே..."

"கம்பெனி வேன் போயிரும் டீச்சர்." அவள் ஓடினாள். அட்டை நெஞ்சில் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது.

இரண்டேகாலுக்குக் காமினி நீல நோட்டைத் திறந்தாள். அன்றைக்கு மோகனாவின் பெயரில் முதலில் நுழைந்தாள். ஒன்பது கேள்விக்கும் சரியாகத் தட்டினாள். பத்தாவது கேள்விக்கு முன்னால் விரல் நின்றது. எப்போதும் எட்டு வாங்குகிற பிள்ளை திடீரென்று பத்து வாங்கினால் செயலி அதைத் தனியே எடுத்துக் காட்டும், யாராவது என்னவென்று பார்க்க வருவார்கள்.

ஏழாவது கேள்விக்குத் திரும்பிப் போய்க் கழித்தல் குறி இல்லாத விடையாக மாற்றினாள். பத்தாவதையும் தப்பாகத் தட்டினாள். கட்டம் பச்சையானது.

இன்னும் இருபத்திரண்டு பேர் பாக்கி இருந்தார்கள்.