சாமி வெளியே இருந்த நாட்கள்

சாந்துச் சட்டியை நான் லிங்கத்தின் தலையிலேயே போட்டேன். வேண்டுமென்று இல்லை. கருவறைக்குள் கூரையின் விரிசலை அடைக்கச் சாரத்தில் நின்றிருந்தேன். சாலம்மாள் கீழிருந்து நீட்டிய சட்டியை வாங்கும்போது தும்மல் வந்துவிட்டது. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் ஆவுடையார் வரை வழிந்தன.

"போச்சு. கண்ணு அவிஞ்சிடும்னு சொல்லுவாங்களே அண்ணே."

"ரெண்டுமா, ஒண்ணா?" என்றேன்.

சத்தம் கேட்டுத் திருப்பணிக் கமிட்டித் தலைவர் ஆதிமூலம் வந்தார். அவர் வீட்டு வாசலில் எங்கள் தெருக்காரன் இன்றைக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசுவான். அறை விழும் என்று கன்னத்தைத் தயார் செய்தேன். அவர் சிரித்தார்.

"கழுவி வுட்டுடு பச்சமுத்து. உள்ள இப்ப சாமி இல்ல. குடத்துல எறக்கி வெளிய கொட்டாயில வச்சிருக்கோம். கும்பாபிஷேகம் வரைக்கும் இது வெறும் கல்லு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

தேரடியைத் தாண்ட விடாத எங்கள் தெருக்காரர்களில் பத்துப் பேர் நாற்பது நாளாகக் கருவறை வரை போய்வந்தோம். அர்த்த மண்டபத்துத் தூண்களில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாலம்மாள் தேங்காய் நாரால் தேய்த்தே எடுத்தாள். யாளிகளுக்குப் பல் இருப்பதே அப்புறம்தான் தெரிந்தது.

பூதங்கள் ஒரே ராத்திரியில் கட்டிய கோயில் என்பார்கள். கோழி கூவிவிட, கோபுரத்தை மொட்டையாக விட்டுவிட்டு ஓடினவாம். கூரை விளிம்புக்கு அடியில் தொப்பையும் சிரிப்புமாக அவை கல்லில் வரிசையாக இருந்தன. ஒன்று கொட்டாவி விட்டது. அதை எனக்குப் பிடித்திருந்தது.

"அத்தினியும் வெளிப்பக்கந்தான் கீது," என்றாள் சாலம்மாள். "கட்டுன பூதத்த அப்பறம் உள்ள வுட்டாங்களான்னு எவனும் சொல்லல பாரு."

பிறகு தான் தேய்த்த தூணைத் தொட்டுக்காட்டினாள். "கும்பாபிஷேகத்தன்னிக்கு தீவாரதன காட்டும்போது இங்க நிக்கணும் அண்ணே. ஒரே ஒரு வாட்டி. கேட்டுச் சொல்லு, நீதான் வாயாடி."

ஸ்தபதியிடம் கேட்டேன். குருக்களைக் கேள் என்றார். குருக்கள், "எல்லாம் ஈஸ்வரன் சித்தம்" என்று மணியை எடுத்துக்கொண்டு போனார். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தது. அந்த 'அனைவரும்' மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசி நாள் சாரத்தைப் பிரித்து வெளியே அடுக்கினோம். சாலம்மாள் உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஆதிமூலத்திடம் போனேன்.

"நாங்க அன்னிக்கு உள்ள வரலாங்களா?"

"பாக்கலாம்டா."

"பாக்கலாம்னா இன்னாங்க? ஆமாங்களா, இல்லீங்களா?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

"இல்ல. தேரடிக்கு அந்தாண்ட பெரிய ஸ்கிரீன் கட்டறோம். உங்க தெருவுலேர்ந்தே பளிச்சுனு தெரியும்."

உள்ளே துணியின் சத்தம் நின்று, மறுபடி கேட்டது. சாலம்மாள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, ஈரத்தரையில் தன் காலடித் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.