பெயர் அழிந்த கோப்பு

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. ஜார்ஜ்டவுனில் மாத இதழ் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டதால் வந்தது. "கம்ப்யூட்டர் சிறப்பிதழ் போடுறோம். ஒரு கதை கொடுங்க. நவீனமா இருக்கணும்லா. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். இது 1994. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வங்கியில் வரிசை நீளும்போது "சிஸ்டம் டவுன்" என்று சொல்லி நம்மை வீட்டுக்கு அனுப்ப உதவும் கருவி என்பதுதான். ஆகவே உடனே ஒப்புக்கொண்டேன். தெரியாததை எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வயல் எந்தப் பக்கம் என்று தெரியாமலே கிராமத்துக் கதைகள் இரண்டு தொகுப்பு போட்டவன் நான்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "மின்னல் வேகத்தில் சிந்திக்கும் அந்த இரும்பு மூளையின் முன்னால் அவள் ஒரு கேள்விக்குறியாக..."

[இதற்கு மேல் போகவில்லை. எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டில் இருக்கும் சந்திரிகாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அக்கரையில் பிறை என்ற ஊரில் மின்விசிறி இறக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டரைப் பராமரிப்பது அவள் வேலை. "மூளையெல்லாம் இல்ல அண்ணே. சொன்னதைச் செய்யும். அதான் பிரச்சினையே" என்றாள். பிறகு அவளே ஒரு சம்பவத்தைச் சொன்னாள். கீழே வருவது அது. அழகு குறைந்திருந்தால் அவள் பொறுப்பு.]

2

ஒருநாள் காலையில் தொழிற்சாலையில் லேபல் அச்சடிக்கும் இயந்திரங்கள் நின்றுவிட்டன. லேபல் ஒட்டாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். வாசலில் கண்டெய்னர் லோரி உறுமிக்கொண்டு நின்றது. எல்லா மேசைத் திரைகளும் ஒரே பெரிய கம்ப்யூட்டரோடு இணைந்தவை. அந்தக் கம்ப்யூட்டரோ, டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அமைதியானது.

அலுவலக மேலாளர் கதிர்காமநாதன் அமைதியாகவில்லை. எதற்கும் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடும் நிர்வாகத் திறமை அவருக்கு இருந்தது. ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்: ஏற்றுமதிப் பிரிவு கிளார்க் ஆலிஸ், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள்.

"நீ கேம் விளையாடறதை என் கண்ணால பார்த்தேன். நீதான் டிஸ்க்கை நிரப்பி வச்சிருக்கே."

"அது கேம் இல்ல சார். ஸ்டோர்ல லாரன்ஸ் அண்ணன்கிட்ட பெட்டி கேட்டு மெசேஜ் அடிச்சேன்."

"பெட்டி கேக்குறதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

ஆலிஸின் வேலை நிரந்தரமாகாதபடி இன்றே மேலிடத்தில் சொல்லப்போவதாக மேலாளர் எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

[ஆலிஸின் கண்ணில் நீர் திரையிட்டதாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். "அவ அழுவலயே! முறைச்சுக்கிட்டு நின்னா" என்றாள் சந்திரிகா. அடித்துவிட்டேன். என் பாத்திரங்கள் இப்படி முறைத்துக்கொண்டு நிற்பது வழக்கமில்லை.]

3

சந்திரிகா அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் ஏர்கோன் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். எந்த மூலையில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டினாள். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், டிஸ்க்கின் பாதியை விழுங்கிக்கொண்டு ஒரு கோப்பு கிடந்தது. என்னவென்று பார்க்க அதன் கடைசி வரிகளைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

தொழிற்சாலையில் யார் எந்த விசையைத் தட்டினாலும் அந்தக் கோப்பில் பதிவாகியிருந்தது. கடைசி மூன்று வரிகள் ஆலிஸ் லாரன்ஸுக்கு அடித்தவை. பெட்டியைப் பற்றியவை அல்ல. அவளுடைய குடும்ப விஷயம். வேலை நிரந்தரமாகுமுன் மேலாளருக்குத் தெரிந்தால் அவளை வெளியே அனுப்ப அதுவே போதும்.

[அந்த மூன்று வரிகளும் முதல் பிரதியில் இங்கே இருந்தன. எடுத்துவிட்டேன். படிக்க ஆசையாக இருக்கிறதா? கதிர்காமநாதனுக்கும் அப்படித்தான் இருந்தது.]

சந்திரிகா யோசிக்கவில்லை. கோப்பை அழித்தாள். மறுபடி இடத்தைப் பார்த்தாள். டிஸ்க் அப்படியே நிரம்பியிருந்தது.

கோப்பு இல்லை, ஆனால் அது அடைத்த இடம் இன்னும் அடைத்தபடி. இதைக் கேட்டு நான் விழித்தேன். சந்திரிகா பொறுமையாக விளக்கினாள்.*

* ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதை அழித்தால், பெயர் மட்டுந்தான் போகும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் காலி செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை. எழுதுகிற புரோகிராம் நின்றால்தான் இடம் திரும்பும். (இந்தக் குறிப்பால் கதையின் ஓட்டம் கெடுகிறது என்பார் ஆசிரியர். ஓட்டமே இப்போதுதான் ஆரம்பம்.)

எழுதிக்கொண்டிருந்த புரோகிராமைத் தேடிப் பிடித்தாள். யாருடைய பெயரில் ஓடுகிறது என்று பார்த்தாள். கதிர்காமநாதன்.

கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியின் ஆளை வைத்து, சந்திரிகாவுக்கே தெரியாமல் போட்டிருக்கிறார். யார் வேலை நேரத்தில் விளையாடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க. அந்தக் கண்காணிப்பில்தான் டிஸ்க் நிரம்பியது, லேபல் நின்றது, லோரி நின்றது.

4

இப்போது சந்திரிகாவுக்கு ஒரு சிக்கல். புரோகிராமை நிறுத்தாமல், விற்ற கம்பெனியின் இன்ஜினியரை வரவழைத்தால், குற்றம் யாருடையது என்று எல்லாருக்கும் காட்டலாம். ஆனால் இன்ஜினியர் உள்ளே கையை விட்டால் அந்த மூன்று வரிகளும் வெளியே வரும். நிறுத்தினால் வரிகள் ஒழியும். கூடவே ஆலிஸைக் காப்பாற்றும் சாட்சியும் ஒழியும்.

கதையில் இதுதான் உச்சம் என்பதால் நான் உதவிக்குப் போனேன்.

முடிவு அ: சந்திரிகா மேசைமேல் ஏறி மனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறாள். கைதட்டல். மேலாளர் திருந்துகிறார். [இதழ் ஆசிரியருக்கு மிகவும் பிடிக்கும்.]

முடிவு ஆ: இடி இறங்கிக் கம்ப்யூட்டர் எரிகிறது. [எனக்குப் பிடித்தது. "அன்னிக்கு நல்ல வெயில் அண்ணே" என்றுவிட்டாள்.]

நடந்தது வேறு. சந்திரிகா அந்தப் புரோகிராமை நிறுத்தினாள். லேபல் இயந்திரங்கள் கரகரவென்று ஓட ஆரம்பித்தன. வெளியே வந்தாள். மேலாளர், ஆலிஸ், லாரன்ஸ் எல்லாரும் நின்றார்கள்.

"என்ன, அவ கேம்தானே?" என்றார் கதிர்காமநாதன்.

"இல்ல சார். உங்க லாகின்ல ஒரு புரோகிராம் ஓடிச்சு. நாங்க தட்டுறதையெல்லாம் எழுதிச்சு. அதான் டிஸ்க் ரொம்பிடுச்சு. நிறுத்திட்டேன்."

கையில் ஆதாரம் இல்லை. அவர் மறுத்திருந்தால் அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அவர் மறுக்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

"அந்தக் கோப்பு?"

"போச்சு சார்."

"முழுசாவா?"

அந்த ஒரு சொல்லில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டார். லாரன்ஸ் இருமினார். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, லோரி நிக்குது. எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தத் தொழிற்சாலைக்கு இன்னும் இறக்குமதியாகவில்லை. ஆனால் ஆலிஸைப் பற்றி மேலிடத்தில் எதுவும் சொல்லவில்லை. சில வாரங்களில் அவள் வேலை நிரந்தரமானது.

மேலாளர் பாடம் கற்றார். பெரிய டிஸ்க் வாங்கினார். "இந்தத் தடவை நீங்களே அந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுங்க சந்திரிகா" என்றார். "எனக்கு வராது சார்" என்றாள், அந்தக் கட்டடத்தில் அது வந்த ஒரே ஆள்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். நல்லவள் வென்றாள், லோரி போனது, ஆசிரியருக்கும் புரியும். ஆனால் சந்திரிகா சொல்லிக்கொண்டே போனாள்.

லேபல் ஓடிய அன்று மத்தியானம் கேண்டீனில் ஆலிஸ் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்வாள் என்று இவள் எதிர்பார்த்திருக்கிறாள். ஆலிஸ் தட்டில் இருந்த மீகூன் சேமியாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு தலைநிமிர்ந்தாள்.

"நாங்க தட்டுனது எல்லாம் அதுல இருந்துச்சுதானே அக்கா?"

"ம்."

"நீங்க படிச்சீங்களா?"

சந்திரிகா இதோடு நிறுத்திவிட்டாள். என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்டேன். "அதையும் எழுதப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"ஆமாம்" என்று எழுதிப் பார்த்தேன். ஆலிஸ் எழுந்து போனாள். அதற்குப் பிறகு சந்திரிகா இருந்த மேசையில் அவள் சாப்பிடவில்லை. "இல்லை" என்று எழுதினேன். ஆலிஸ் சிரித்தாள், சந்திரிகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். இதழ் அச்சுக்குப் போகிறது, முடிவு எங்கே என்று ஆசிரியர் தொலைபேசியில் கத்துகிறார்.

ஆகவே இந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். மீகூன் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆலிஸ் கண்ணெடுக்காமல் எதிரே பார்க்கிறாள். அங்கே, சந்திரிகாவின் இடத்தில், நீங்கள் உட்காருங்கள். கேட்கிறாள், சொல்லுங்கள்.