கைராசியும் கடலைப் புண்ணாக்கும்

1.

பூச்சியின் முட்டை தனக்கு வேண்டிய கொழுப்பைப் பெரும்பாலும் தானே செய்துகொள்வதில்லை என்று எங்கோ படித்தேன். அங்கேதான் இந்தக் கதை பிடித்துக்கொண்டது. தாயின் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பை ஒரு புரதம் சுமந்து வருகிறது. முட்டையிடம் இறக்கிவிட்டு, பல சமயம் வெறுங்கையோடு திரும்பிப் போகிறது, மறுபடி சுமக்க. பிறகு எழுதினேன்:

‘அந்துப்பூச்சிகளின் நடுவே நதியா ஒரு தாயைப் போல—’

[இல்லை. இந்தப் ‘போல’வில்தான் கதை கெட்டுப்போகும்.]

2.

பொங்கலூர்ப் பக்கம் கமலாம்பாளுக்கு ஒரு ஷெட். முன்பு அதில் பனியன் துணி ஓட்டினார். இப்போது அரிசி அந்துப்பூச்சி வளர்க்கிறார். அந்தின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் பொடிக் குளவிகளை வளர்த்து, கரும்புக்காரர்களுக்கு விற்கிறார். [அந்தக் குளவி கரும்புத் துளைப்பானின் முட்டையை அழிக்கும்.] புழுத் தொட்டிகளை மூடியிருப்பது மிச்சப் பனியன் துணி.

நதியா சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடம், குழந்தை இல்லை. [இதைச் சொல்லாமல் எழுதப் பார்த்தேன். ஷெட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.] அந்துகளை அடைத்த கூண்டின் அடித்தட்டில் உதிரும் முட்டைகளைப் பிரஷால் கூட்டி, சலித்து, அளந்து வைப்பது அவள் வேலை. சலிக்கும்போது மெல்லிய மணல் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஈட்டுக்கு ஈடு முட்டை குறைய ஆரம்பித்தது. [ஈடு என்றால் ஒரே தடவையில் வளர்க்கும் புழுத் தொகுதி.]

“கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்கக்கா” என்றாள் உடன் வேலை செய்யும் வேலாத்தாள், சல்லடையைத் தட்டிக்கொண்டே.

கமலாம்பாள் நதியாவைப் பார்க்காமல் சொன்னார்: “இந்த ஈடு பாக்கறேன் அம்முணி. இதுலயும் கொறஞ்சா நீ முட்டையத் தொட வேண்டாம். தரை கூட்டற வேலைக்குப் போயிக்க.”

“என் கை என்னக்கா செஞ்சுச்சு?”

கமலாம்பாள் அடுத்த தொட்டியின் துணியை விலக்கிப் பார்க்கப் போனார்.

3.

காரணத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. சிறகு முளைத்தபின் இந்த அந்து தின்பதில்லை. முட்டைக்குப் போகும் கொழுப்பெல்லாம் புழுவாக இருந்தபோது தின்றதிலிருந்து வந்தது. புழுவின் தீனிக்குக் கம்போடு நிலக்கடலைப் பொடி கலப்பது வழக்கம். கடலை விலை ஏறியதும் கமலாம்பாள் காங்கேயத்து எண்ணெய் ஆலையிலிருந்து கடலைப் புண்ணாக்கை இறக்கினார். எண்ணெய் டின்னுக்குப் போய்விட்டது. புழுவுக்கு வந்தது சக்கை.

[முட்டையைச் சுற்றி ஒரு செல் அடுக்கு உண்டு. சத்து வரும் காலத்தில் அந்தச் செல்கள் சுருங்கி வழிவிடும், பனியன் துணியை இழுத்தால் கண் திறப்பது மாதிரி. முட்டை நிறைந்ததும் நெருங்கிக்கொண்டு, அதே செல்கள் முட்டை ஓட்டைக் கட்டும். கமலாம்பாளின் அந்துகளில் வழி திறந்துதான் இருந்தது. வருவதற்குத்தான் அதிகம் இல்லை.]

இதை ஷெட்டில் யார் சொல்வது? ஒரு வேளாண் அதிகாரியை ஜீப்பில் வரவழைத்து ஒரு பக்கம் பேசவிட்டேன். நன்றாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன்: ஆயுத பூஜைக்கு ஆலை பூட்டியிருந்தது, புண்ணாக்கு தீர்ந்துவிட்டது. அந்த ஈட்டுக்கு மட்டும் கடலையே வாங்கிப் பொடித்துப் போட்டார்கள். கலந்தவள் நதியா.

4.

அந்தப் புழுக்கள் அந்துகளாயின. முட்டை கொட்டியது. கமலாம்பாள் அளவுக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நதியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனம்முணி, ஏதாச்சும் விசேஷமா?”

வேலாத்தாள் பிரஷைக் கீழே வைத்தாள். “நாந்தான் சொன்னேனுங்களே, கை பேசுமுங்க!”

5.

முதல் முடிவு: “ஆமாக்கா” என்கிறாள். வேலை நிலைக்கும், வயிறு காட்டிக்கொடுக்கும்வரை.

இரண்டாவது: “கடலைக்கா. இந்தத் தடவ புண்ணாக்கு போடலைல்ல.” “கடல எப்படிக் கண்ணு முட்டை போடும்?” என்கிறார் கமலாம்பாள். ஷெட்டே சிரிக்கிறது. அடுத்த ஈட்டுக்குப் புண்ணாக்கு வந்து இறங்குகிறது.

மூன்றாவது: அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு—

வேண்டாம். கமலாம்பாள் கேட்ட கேள்விக்கு அவள் என்ன சொன்னாலும், சொல்லாமலே நின்றாலும், எல்லோரும் அவள் வயிற்றைத்தான் பார்ப்பார்கள்.

எனவே நான் முடிக்கப்போவதில்லை. பிடித்த கை பிடித்தபடியே இருக்கிறது. ஷெட்டின் கதவு சாத்தவில்லை, நீங்கள் உள்ளே போகலாம். போனால் நதியாவுக்குப் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். கமலாம்பாளின் ‘விசேஷமா’ வரியை அடித்துவிட்டு, “இந்தத் தடவை தீனியில் என்ன போட்டீங்க?” என்று கேளுங்கள்.

அதற்கு அவளிடம் பதில் இருக்கிறது.